கெண்டியின் அளவும் தேநீரின் சுவையும்: யீஷிங் களிமண் கெண்டிகள் பற்றிய எளிய விளக்கம்

சீனக் களிமண் தேநீர்க் கெண்டிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சில கருத்துகள் மறுப்பின்றிக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் சிறிய கெண்டிதான் அசல், பெரியது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படுவது என்பார்கள். அந்த மண் சுவாசிக்கும் என்பார்கள். பல ஆண்டுகள் பழகிய கெண்டியில் தேயிலை போடாமல் வெந்நீரை மட்டும் ஊற்றினாலே தேநீர் கிடைத்துவிடும் என்பதும் அடிக்கடி காதில் விழும். இவற்றில் சில அரை உண்மைகள், சில வெறும் கதைகள். புதிதாக வாங்க நினைப்பவர் இவற்றை நம்பி மண்ணின் பெயருக்கும் கைவினைஞரின் முத்திரைக்கும் பணம் கொடுக்கிறார். தம் தேநீரின் சுவையை அன்றாடம் தீர்மானிக்கப்போகும் ஒன்றை, அதாவது கெண்டியின் கொள்ளளவை, கேட்காமலே விட்டுவிடுகிறார். அந்தக் கொள்ளளவை மையமாக வைத்தே இந்த விளக்கம் அமைகிறது.

எந்த ஊர், எந்த மண்

இக்கெண்டிகளின் பிறப்பிடம் கிழக்குச் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், தாய்ஹு ஏரியின் மேற்குக் கரைப்பகுதியில் உள்ள யீஷிங் நகரம். குறிப்பாக அதைச் சேர்ந்த டிங்ஷு என்ற சிற்றூர். அங்குள்ள ஹுவாங்லோங் குன்றிலும் சுற்றுப்புறத்திலும் வெட்டியெடுக்கப்பட்ட தாது, பார்வைக்குப் பாறைத் துண்டுகள் போலவே இருக்கும். அதை வெயிலிலும் மழையிலும் கிடத்தி உதிரவைத்து, பொடித்து, சலித்து, நீர் சேர்த்துப் பிசைந்து, நெடுநாள் மூடிவைத்த பிறகே வனைவதற்கு ஏற்ற களிமண் கிடைக்கிறது. இதன் பொதுப்பெயர் ஸிஷா. இரும்புச்சத்து மிகுந்த இம்மண்ணில் பழுப்பும் ஊதாவும் கலந்த ஸினி, சிவந்த ஹோங்னி, வெளிர்மஞ்சளான துவான்னி, மிக நுண்ணிய சிவப்பு மண்ணான ஜூனி எனப் பல வகைகள் உண்டு.

யீஷிங் கெண்டியைச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தட்டித் தகடாக்கி, அதை வளைத்து ஒட்டி உருளையாக்கி, மரத்தட்டையால் மெல்ல அடித்தடித்து வயிற்றுப் பகுதியைத் திரட்டுகிறார்கள். மூக்கும் கைப்பிடியும் தனியே செய்து பொருத்தப்படுகின்றன. தகடுகளை அச்சில் அழுத்தி உருவாக்கும் அரைக்கைவேலை முறையும் இன்று பரவலாக உள்ளது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளும் புறமும் மெருகுப்பூச்சு இல்லாமலே சூளையில் வேகவைப்பதுதான் இக்கெண்டிகளின் தனித்தன்மை.

மண் சுவாசிக்கிறதா?

நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொண்டால் இந்தக் கேள்வி எளிதாகிவிடும். மண்பானை குறைந்த சூட்டில், பெரும்பாலும் 900 டிகிரி செல்சியசுக்குக் கீழே, சுடப்படுவதால் அதன் மண் துகள்கள் முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. இடையே உள்ள நுண்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து வழியாகிவிடுகின்றன. நீர் அவ்வழியே கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது, பானைக்குள் இருக்கும் நீர் குளிர்கிறது. யீஷிங் கெண்டி சுமார் 1100 முதல் 1200 டிகிரி வரையிலான சூட்டில் சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடி போல இறுகிவிடுவதால் நீர் வெளியே வழி காண்பதில்லை. ஆனாலும் துளைகள் முற்றிலும் அடைபடுவதில்லை. மண் திரளைகளின் உள்ளே மூடிய துளைகளும், திரளைகளுக்கு இடையே திறந்த துளைகளும் எஞ்சி நிற்கின்றன. ஆக, இது மண்பானைக்கும் பீங்கானுக்கும் நடுவில் நிற்கும் பொருள்.

திறந்த துளைகள் தேநீரின் மிகச் சிறிய பங்கையும் மணத்தையும் பிடித்துவைக்கின்றன. பல மாதங்கள் ஒரே வகைத் தேயிலைக்குப் பயன்பட்ட கெண்டியை உலர்த்தி முகர்ந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஒரு கெண்டிக்கு ஒரு வகைத் தேயிலை என்ற வழக்கத்தின் அடிப்படை இதுதான். பழைய பூஅர் தேயிலையின் மண்வாசனை மல்லிகைத் தேநீரில் ஏறுவதை யாரும் விரும்பமாட்டார்கள். மண்ணுக்கு மூச்சு உண்டு என்பது மட்டும் மிகை. காற்று உள்ளே போய் வருவதால் தேநீர் கெடாமல் இருக்கும் என்று நம்பி இரவு முழுவதும் கெண்டியிலேயே விட்டுவைத்தால், மற்ற பாத்திரங்களில் நடப்பதுதான் இதிலும் நடக்கும். வெறும் வெந்நீர் தேநீராகிவிடும் என்ற கதையும் இப்படியே. பழைய கெண்டியில் ஊற்றிய வெந்நீருக்கு லேசான மணமும் சாயலும் வரலாம். உள்சுவரில் படிந்த மெல்லிய படலத்தால் அதற்கு மேல் எதையும் கொடுக்க இயலாது.

சுருங்கச் சொன்னால், ஸிஷா மண் மணத்தைச் சிறிதளவு வாங்கி வைத்துக்கொள்ளும், சூட்டையும் தேக்கிக்கொள்ளும். இவை உண்மையான, ஆனால் அடக்கமான பண்புகள். சுவையில் பெரிய மாற்றம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது.

பெரிய கெண்டி எப்படிச் சிறுத்தது

மிங் வம்சத்தின் முதல் பேரரசரான ஹோங்வூ 1391-இல் அழுத்திச் செய்த தேயிலைக் கட்டிகளைக் காணிக்கையாகச் செலுத்துவதை நிறுத்தி, உதிரித் தேயிலையை அனுப்புமாறு ஆணையிட்டார். தேயிலைக் கட்டியை இடித்துப் பொடியாக்கிக் கிண்ணத்தில் அடித்துக் கலக்கும் பழைய முறை மெல்ல மறைந்து, முழு இலையை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் முறை நிலைபெற்றது. ஊறவைக்க ஒரு பாத்திரம் வேண்டும். கெண்டியின் காலம் அப்படித்தான் பிறந்தது.

தொடக்கத்தில் அக்கெண்டி சிறியதாக இல்லை. காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய ஸிஷாக் கெண்டி, 1533-இல் அடக்கம் செய்யப்பட்ட வூ ஜிங் என்ற அரண்மனை அலுவலரின் கல்லறையிலிருந்து 1966-இல் நான்ஜிங்கில் கிடைத்தது. தலைக்கு மேல் வளைந்த கைப்பிடியோடு அதன் உயரம் 17.7 செ.மீ. சிறியதே அசல் என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மிங் காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த யீஷிங் கெண்டிக் கைவினைஞர் ஷி தாபின் முதலில் பெரிய கெண்டிகளையே செய்துவந்தார் என்றும், சென் ஜிரூ முதலிய அறிஞர்கள் தேநீர் பற்றிப் பேசியதைக் கேட்ட பின் சிறியவற்றுக்கு மாறினார் என்றும் அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஆனால் அன்றைய ‘சிறியது’ இன்றைய கண்ணுக்குச் சிறியதன்று: 1629-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையில் கிடைத்த, ஷி தாபின் பெயர் பொறித்த, மூன்று கால்கள் கொண்ட கெண்டியின் உயரம் சுமார் 11 செ.மீ. ஏறத்தாழ அதே காலத்தில் தேநீர் பற்றி எழுதிய ஃபெங் கெபின், விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு சிறு கெண்டி வைப்பதே சிறப்பு என்றார். கெண்டி சிறுத்தால் மணம் சிதறாது, சுவை தேங்கி நிற்காது என்பது அவர் கூறிய காரணம். இந்தக் காரணத்தின் இரண்டாம் பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கு அதையேதான் உறுதிசெய்கிறது.

உண்மையிலேயே மிகச் சிறிய கெண்டிகள் நிலைபெற்ற இடம் யீஷிங் அன்று. தெற்கே குவாங்டோங் மாகாணத்தின் சாவ்ஜோ வட்டாரமும் அதை ஒட்டிய ஃபூஜியான் பகுதியும்தான். சிங்கப்பூர், மலேசியாவில் வாழும் தமிழர்கள் தியோச்சு என்று அறிந்திருப்பவர்களின் பூர்விகம் சாவ்ஜோ. அங்கே வளர்ந்த கோங்ஃபூ முறையில், பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்ட ஊலோங் தேயிலையைச் சிறு கெண்டியில் நிறைத்து, மிகக் குறுகிய நேரம் ஊறவைத்து, சின்னஞ்சிறு கிண்ணங்களில் பகிர்ந்துகொள்கிறார்கள். ஹுய் மெங்சென் என்ற கைவினைஞரின் பெயர் சிறு கெண்டிக்கே பொதுப்பெயராகிவிட்ட அளவுக்கு அந்த வழக்கம் வேரூன்றியது. இதற்கிடையே வீடுகளுக்கும் ஏற்றுமதிக்கும் பெரிய கெண்டிகள் தொடர்ந்து செய்யப்பட்டன. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த செந்நிறக் கெண்டிகளைப் பார்த்துத்தான் டச்சு, ஆங்கிலேயக் குயவர்கள் தங்கள் சிவப்புக் கெண்டிகளைச் செய்யத் தொடங்கினார்கள்.

இலை, நீர், நேரம்

இனி மையமான கணக்குக்கு வருவோம். ஒரு முறை வெந்நீர் ஊற்றி, ஊறவைத்து, வடித்துக்கொள்வதை ஒரு ‘ஊறல்’ என்று குறிப்போம். தேநீரின் அடர்த்தியை மூன்று காரணிகள் முடிவுசெய்கின்றன: எவ்வளவு இலை, எவ்வளவு நீர், எவ்வளவு நேரம். இலையைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். இலை குறைந்தால் நேரம் நீள வேண்டும். நீரின் அளவைக் கெண்டியே நிர்ணயித்துவிடுவதால், கெண்டியை வாங்கும் கணத்திலேயே மற்ற இரண்டின் எல்லைகளும் பெரும்பாலும் வகுக்கப்பட்டுவிடுகின்றன.

கோங்ஃபூ முறையில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் ஊலோங் இடுவதாகவும், முதல் ஊறல்களை 10 முதல் 20 விநாடிகளில் வடிப்பதாகவும் கொள்வோம். ஊறி விரிந்த இலை கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்வதால் 100 மில்லிக் கெண்டி ஒவ்வொரு முறையும் சுமார் 80 மில்லி தேநீர்தான் தரும். அதே இலையில் எட்டு ஊறல்கள் எடுத்தால் மொத்தம் 640 மில்லி. இருவர் அமர்ந்து பருக இது தாராளம். விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும் சிறு கெண்டியும் ஒரு பெரிய கெண்டியளவு தேநீரைத் தந்துவிடுகிறது. ஒரே தடவையில் தராமல் தவணை முறையில் தருகிறது, அவ்வளவே.

இதே விகிதத்தை 400 மில்லிக் கெண்டியில் பின்பற்றிப் பாருங்கள். 28 கிராம் இலை வேண்டும். எட்டு ஊறல்களில் இரண்டரை லிட்டர் தேநீர் வரும். எட்டுப் பேர் கூடினால் பொருத்தம், இருவருக்கு வீண். அதைவிடப் பெரிய சிக்கல், ஊற்றி முடிக்கும் நேரம். கெண்டியைச் சாய்த்த பிறகும் உள்ளே இருக்கும் நீரில் இலை ஊறிக்கொண்டேதான் இருக்கிறது. நூறு மில்லிக் கெண்டி பத்து விநாடிக்குள் காலியாகிவிடும். பெரிய கெண்டி அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், 15 விநாடி ஊற வேண்டிய தேயிலையின் கடைசிச் சொட்டு 45 விநாடி ஊறியிருக்கும். அந்தச் சொட்டு கசப்பதில் வியப்பென்ன? சுவை தேங்கி நிற்கும் என்று ஃபெங் கெபின் கவலைப்பட்டது இதனால்தான். இலை குறைவாகவும் நேரம் நான்கு நிமிடமாகவும் இருந்தால் அதே அரை நிமிடம் பொருட்டாகாது. ஆகவே பெரிய கெண்டியின் இயல்பான முறை வேறு: 400 மில்லிக்கு 5 அல்லது 6 கிராம் இலை, பொறுமையான ஊறல், ஒரே தடவையில் எல்லோருக்கும் ஊற்றுதல்.

நினைவில் கொள்ள வேண்டியது இது: சிறு கெண்டிக்கு நிறைய இலையும் குறைந்த நேரமும், பெரிய கெண்டிக்குக் குறைந்த இலையும் நீண்ட நேரமும். முறையை மாற்றிப் போட்டால் எவ்வளவு உயர்ந்த மண்ணாலும் தேநீரைக் காப்பாற்ற இயலாது.

சூட்டின் கணக்கு

கோள வடிவக் கெண்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 100 மில்லி கொள்ளும் கோளத்தின் மேற்பரப்பு சுமார் 104 சதுர செ.மீ.; 800 மில்லி கொள்ளும் கோளத்தின் மேற்பரப்பு சுமார் 417 சதுர செ.மீ. நீர் எட்டு மடங்காகும்போது சூடு வெளியேறும் பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது. எனவே சிறு கெண்டி விரைவில் ஆறிவிடும்.

இதைவிட முக்கியமானது முதல் சில விநாடிகளில் நடப்பது. 120 கிராம் எடையுள்ள, 25 டிகிரியில் இருக்கும் சிறு கெண்டியில் 98 டிகிரி வெந்நீர் 100 மில்லி ஊற்றினால், மண்ணே சூட்டை இழுத்துக்கொண்டு நீரை ஏறத்தாழ 83 டிகிரிக்கு இறக்கிவிடும். காற்றில் போகும் சூடு இதில் சேர்க்கப்படவில்லை. கெண்டியை முன்பே வெந்நீரால் அலசி 80 டிகிரிக்குச் சூடாக்கியிருந்தால் நீர் 94 டிகிரியில் நிற்கும். பதினொரு டிகிரி வித்தியாசத்தில் ஊலோங்கின் மணம் முழுதாக எழுவதும் எழாததும் முடிவாகிவிடும். தேநீர்ச் சடங்கின் ஓர் அழகான அங்கமாக மட்டும் பலர் கருதும் அந்த வெந்நீர் அலசல், சிறு கெண்டிக்கு இன்றியமையாத வேலை. 400 கிராம் எடையும் 600 மில்லி கொள்ளளவும் உள்ள கெண்டியில் அலசாமல் ஊற்றினாலும் நீர் 89 டிகிரி அளவில் நிற்கும். அங்கே இந்தத் தவறு ஓரளவு மன்னிக்கப்படுகிறது.

ஊறல் 15 விநாடியில் முடிந்து ஒவ்வொரு முறையும் புது வெந்நீர் வருவதால் சிறு கெண்டி ஆறுவதைப் பற்றிக் கவலை தேவையில்லை. நான்கு நிமிடம் காத்திருக்கும் பெரிய கெண்டிக்குத்தான் சூட்டைத் தேக்கும் பண்பு உண்மையில் கைகொடுக்கிறது. பச்சைத் தேயிலைக்கோ அதே பண்பு பாதகம். மென்மையான இலை மூடிய, தடித்த கெண்டியில் வெந்துபோகும். கண்ணாடிக் குவளையோ மெல்லிய பீங்கானோ அதற்கு நல்லது.

யாருக்கு எந்த அளவு

சாவ்ஜோ வழக்கில் கெண்டிகளை இருவருக்கானது, மூவருக்கானது, நால்வருக்கானது என்று ஆள்கணக்கில் சொல்வார்கள். யீஷிங்கின் முதலாம் எண் தொழிற்சாலையில் செய்த ஷுய்பிங் என்ற எளிய வடிவக் கெண்டிகள் 2, 4, 6, 8, 10 என்று கிண்ணக் கணக்கில் விற்கப்பட்டன. அந்தக் கிண்ணம் சாவ்ஜோவின் சிறு கிண்ணம். பத்துக் கிண்ணக் கெண்டி என்றதும் நம் வீட்டுக் கோப்பையில் பத்து என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தனியே பருகுபவருக்கு 80 முதல் 100 மில்லி, இரண்டு மூன்று பேருக்கு 120 முதல் 180 மில்லி, கோங்ஃபூ முறையில் ஆர்வமில்லாமல் நிதானமாகப் பருகும் குடும்பத்துக்கு 350 மில்லிக்கு மேல் என்பது நல்ல தொடக்கம். 200 முதல் 300 மில்லி வரையுள்ள கெண்டிகள் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கும்; இரண்டு முறைகளுக்கும் முழுமையாகப் பொருந்தாத இந்த இடைப்பட்ட அளவை முதல் கெண்டியாக வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. தேயிலையின் உருவமும் கணக்கில் சேர வேண்டும். உருட்டிய ஊலோங் உலர்நிலையில் கெண்டியின் அடியில் கொஞ்சமாகக் கிடந்து, விரிந்ததும் மூடியைத் தள்ளும். அதற்கு உருண்ட வயிறு தேவை. முறுக்கி நீண்ட இலையை உள்ளே இடுவதே கடினம் என்பதால் வாய் அகன்ற கெண்டி வேண்டும். நம் வீடுகளில் பாலோடு கொதிக்கும் சிடிசி தேயிலைத் தூளுக்கு இக்கெண்டி எந்த அளவிலும் பொருந்தாது; தூள் வடிதுளைகளை அடைத்துவிடும், சாறும் நொடியில் இறங்கிவிடும்.

வாங்கும்போதும் சேர்க்கும்போதும்

விற்பவர் சொல்லும் கொள்ளளவு வாய்விளிம்பு வரை நிரப்பிய அளவு. வீட்டில் சரிபார்ப்பது எளிது: வெறும் கெண்டியைச் சமையலறைத் தராசில் வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நீர் நிரப்பினால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. மூக்கின் நுனி வாய்விளிம்பின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் கெண்டி நிறைவதற்குள் மூக்கு வழியே வழிந்துவிடும் என்பதையும் அப்போதே கண்டுகொள்ளலாம். மூடியின் சிறு துளையை விரலால் அடைத்ததும் நீரோட்டம் நிற்கிறதா என்ற சோதனை மிகவும் புகழ்பெற்றது. அது மூடியின் பொருத்தத்தைக் காட்டும், தேநீரின் தரத்தைக் காட்டாது. நீர் எத்தனை விநாடியில் வெளியேறுகிறது என்பதே என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வி.

மண்ணுக்கும் அளவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸினி உலர்ந்து வேகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஜூனி ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கும். பெரிய ஜூனிக் கெண்டி சூளையில் கோணவோ விரிசல் விடவோ வாய்ப்பு அதிகம் என்பதால்தான் அவை பெரும்பாலும் சிறியவையாகவே உள்ளன. அரை லிட்டர் ஜூனிக் கெண்டி மலிவு விலைக்கு என்று யாராவது நீட்டினால் ஐயப்படுவது நியாயம். ஹுவாங்லோங் குன்றில் சுரங்க வேலை 2000-களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடுகளைக் கலந்து மண்ணுக்கு நிறம் ஏற்றுவதைச் சீன அரசுத் தொலைக்காட்சி 2010-இல் அம்பலப்படுத்தியபோது சந்தையே ஆட்டம் கண்டது. கண்ணைப் பறிக்கும் நீலமும் பளிச்சென்ற பச்சையும் அடியில் உள்ள முத்திரை எதுவாயினும் எச்சரிக்கை மணிதான். முத்திரையைப் போலியாகச் செய்வது கெண்டியைப் போலியாகச் செய்வதைவிட எளிது. கு ஜிங்ஜோ போன்ற 20-ஆம் நூற்றாண்டு மேதைகளின் கெண்டிகள் ஏலத்தில் கோடிகளுக்குப் போவதால் அந்தப் போலிகளுக்கும் குறைவில்லை.

சேகரிப்பைப் பொறுத்தவரை, ஒரே அளவில் பத்து வடிவங்கள் வாங்குவதைவிட ஒரே வடிவத்தை மூன்று அளவுகளில் வாங்குவது கற்றுக்கொடுப்பது அதிகம். ஒரே இலையை மூன்றிலும் போட்டுப் பார்த்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் நாக்கில் தெரிந்துவிடும். புதுக் கெண்டியைச் சோப்பில்லாமல் நன்கு அலசி, கொதிநீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் போதும். பயன்படுத்திய பின் இலையை உடனே எடுத்து, வெந்நீரால் அலசி, மூடியைத் திறந்தே வைத்து உலரவிட வேண்டும். பெரிய கெண்டியின் மூக்கடியிலும் வடிதுளைகளின் பின்னாலும் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிப்பது வழக்கம் என்பதால் அதைக் கவிழ்த்து வைப்பது நல்லது. பூஞ்சை பிடித்துவிட்டாலும் கெண்டியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை: கொதிநீரில் இரண்டு மூன்று முறை அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, வாசனை போகும்வரை விலை குறைந்த தேயிலையைப் போட்டு வடித்துக் கொட்டினால் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துவிடும்.